செல்லுக்குத் தரை வேண்டும்

ஆய்வு மாணவனாகச் சேர்ந்த இரண்டாம் மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சுண்டெலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசுச் செல்களை, புரதப் பிடிமானத்தை அறுக்கும் டிரிப்சின் நொதி இட்டுப் பெயர்த்தெடுத்து, இரத்தத்தின் தெளிநீரான சீரம் சேர்த்த இளஞ்சிவப்பு வளர்ப்புத் திரவத்தில் (மீடியம்) கலக்கி, அலமாரியில் கைக்கு எட்டிய புதிய தட்டுகளில் ஊற்றி, 37 டிகிரி இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டு விடுதிக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் நுண்ணோக்கியின் கீழ் பார்த்தபோது, ஒன்றிரண்டைத் தவிர எந்தச் செல்லும் தட்டின் அடியில் ஒட்டியிருக்கவில்லை. எல்லாம் உருண்டையாக, ஒன்றோடொன்று சேர்ந்து, கடுகு அள்ளித் தெளித்ததுபோலக் கொத்துக் கொத்தாக மிதந்துகொண்டிருந்தன. டிரிப்சினை அதிக நேரம் விட்டுவிட்டேனா, மீடியம் கெட்டுவிட்டதா என்று குழம்பி நின்றவனிடம், நாங்கள் அக்கா என்றே அழைத்த மூத்த ஆய்வாளர் வந்து தட்டின் மூடியை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பாக்டீரியா பிளேட்" என்று மட்டும் சொன்னார்.

செல் வளர்க்கும் தட்டும் பாக்டீரியா வளர்க்கும் தட்டும் ஒரே பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டவைதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் செல் வளர்ப்புக்கான தட்டின் மேற்பரப்பைத் தொழிற்சாலையிலேயே பிளாஸ்மா என்னும் மின்னேற்றமடைந்த வாயுவால் பதப்படுத்தி, நீரை ஏற்கும் தன்மையுடையதாக மாற்றிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பரப்பில்தான் சீரத்திலுள்ள ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் ஆகிய புரதங்கள் செல்லால் பிடித்துக்கொள்ளத்தக்க நிலையில் படிகின்றன. பதப்படுத்தாத பிளாஸ்டிக்கில் ஆல்புமின் போன்ற, செல்லுக்குப் பிடிமானமாகாத புரதங்கள் முந்திக்கொண்டு இடத்தை அடைத்துவிடுகின்றன. ஆகவே செல் ஒட்டுவது பிளாஸ்டிக்கின்மீதன்று, பிளாஸ்டிக்கின்மீது விரிக்கப்பட்ட ஒரு புரதப் பாயின்மீது. தட்டுகளின் விலை ஏன் அவ்வளவு வேறுபடுகிறது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்தச் செல்கள் இறந்துவிடவில்லை என்பது ஒரு நல்வாய்ப்பு. தரையை இழந்த செல்கள் பொதுவாகத் தாமாகவே தம்மை முடித்துக்கொள்ளும். இந்த வகை இறப்பை 1994இல், உறுப்புகளின் பரப்பைப் போர்த்தும் எபிதீலியச் செல்களில் விவரித்தவர்கள், வீடில்லாமை என்னும் பொருள்பட, அனாய்க்கிஸ் என்ற கிரேக்கச் சொல்லை அதற்குச் சூட்டினார்கள். ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் சற்றே உரமானவை, ஓரிரவைத் தாங்கிவிட்டன. கொத்துகளைப் பைப்பெட்டால் உறிஞ்சிச் சரியான தட்டுக்கு மாற்றிய அக்கா, என்னை அதன் முன்னால் உட்காரச் சொல்லிவிட்டுத் தம் வேலைக்குப் போய்விட்டார். தண்டனையா பாடமா என்று தெரியாமல் மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முதல் கால் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றியது. மிதந்த செல்கள் இறங்கி உட்கார்ந்தன. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் அவை ஒளிவட்டம் சூழ்ந்த மணிகளாகத் தெரிந்தன. பிறகு ஓரங்களில் சிறு கொப்புளங்கள் புடைத்து அடங்கத் தொடங்கின. அதன்பின் ஒரு மெல்லிய கருநிறப் பாவாடை உருண்டையைச் சுற்றிலும் வெளியே வந்து, நிமிடத்துக்கு நிமிடம் அகன்று, அரைமணி நேரத்துக்குள் ஒவ்வொரு செல்லையும் ஓர் ஆஃப்பாயில் முட்டையைப் போல ஆக்கிவிட்டது: நடுவில் மஞ்சள் கருவாய்ப் புடைத்த உட்கரு, சுற்றிலும் வெள்ளைக் கருவாய் மெலிந்த விளிம்பு. மிதக்கும்போது 15 மைக்ரோமீட்டர் விட்டமே கொண்ட ஓர் உருண்டையின் மேற்பரப்பு முழுவதையும் உரித்து விரித்தாலும் சுமார் 700 சதுர மைக்ரோமீட்டர்தான் தேறும். ஆனால் நன்கு பரவிய ஃபைப்ரோபிளாஸ்ட் அடியில் மட்டுமே அதைவிடப் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உருண்டையாக இருந்தபோது மடிப்பும் சுருக்கமுமாகச் சேமிக்கப்பட்டிருந்த சவ்வும், உள்ளிருந்து சிறு பைகளாக வந்து சேரும் சவ்வும்தான் இந்தக் கூடுதல் பரப்பைத் தருகின்றன.

தோசைக்கல்லில் மாவு பரவுவதைப் போன்றதுதானே என்று அப்போது நினைத்தேன். அந்த உவமை அடிப்படையிலேயே பிழை. மாவைப் பரப்புவது கரண்டியும் அதன் எடையும். செல்லுக்குத் தன் எடை ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்தாலும், அதன் அடிப்பக்கத்தில் செல் அதே வேகத்தில் பரவும். திசு வளர்ப்பு என்னும் கலையே அப்படித் தலைகீழாகத்தான் தொடங்கியது. 1907இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுத் துணுக்கை உறைந்த நிணநீர்த் துளி ஒன்றுக்குள் வைத்து, அத்துளியைக் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் தொங்கவிட்டு, நரம்பிழைகள் வளர்வதைக் கண்டார். அவர் பின்னர் செய்த ஒரு சோதனை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும். திரவத்துக்குள் சிலந்தி நூல்களை இழுத்துக் கட்டி அவற்றின்மேல் கருச் செல்களை விட்டபோது, அவை அந்த நூல்களைப் பற்றிக்கொண்டு, நூலின் போக்கிலேயே நீண்டு ஊர்ந்தன. 1914இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு தெளிவானது: கெட்டியான ஓர் ஆதாரம் இருந்தால்தான் இச்செல்கள் நகரும், ஆதாரத்தின் வடிவம் அவற்றின் வடிவத்தையும் வழியையும் தீர்மானிக்கும். பாலிஸ்டைரீன் தட்டும் விட்ரோநெக்டினும் அறியப்படாத காலத்தில், சிலந்தி வலையைக் கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்கிறார் என்பதை எண்ணும்போது, நம் ஆய்வகக் கொள்முதல் பட்டியல்களின் நீளம் சற்றே கூச்சத்தைத் தருகிறது.

பரவும் விளிம்பைத் தள்ளுவது ஆக்டின் என்னும் புரதம். செல்லுக்குள் கரைந்திருக்கும் ஆக்டின் மணிகள் கோத்து 7 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகின்றன. ஒவ்வொரு மணி சேரும்போதும் இழை 2.7 நானோமீட்டர் நீள்கிறது. விளிம்புச் சவ்வு வெப்பத்தால் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருப்பது. அது ஒரு கணம் வெளிப்புறமாக விலகும்போது இழையின் நுனிக்கும் சவ்வுக்கும் இடையே விழும் சந்தில் ஒரு மணி நுழைந்து கோத்துக்கொண்டால், சவ்வு பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. ஒரு தனி இழை தள்ளினால் வளைந்துவிடும். ஆகவே ஆர்ப்2/3 என்னும் புரதக் கூட்டு, ஓர் இழையின் பக்கத்தில் ஏறத்தாழ 70 டிகிரிச் சாய்வில் புதிய கிளையைத் தொடங்கி, கிளைக்குக் கிளை பிரியச் செய்து, முட்புதர் போன்ற அடர்ந்த வலையாக அதை ஆக்குகிறது. மிக மெல்லிய தகடாக முன்னால் நீளும் இந்தப் பகுதிக்கு லாமெல்லிபோடியம் என்று பெயர்.

ஆனால் இழை நீள்வதால் மட்டும் செல் நகர்ந்துவிடாது. சேற்றில் சிக்கிய வண்டியின் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: சக்கரம் விடாமல் சுழலும், சேறு பின்னால் வீசப்படும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். செல்லின் முன்விளிம்பில் கோக்கப்படும் ஆக்டின் வலையும், சவ்வின் எதிர்த் தள்ளலாலும் பின்னாலிருந்து மயோசின் என்னும் மோட்டார்ப் புரதம் இழுப்பதாலும், ஓயாமல் உட்புறமாகப் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வலையை யாராவது தரையோடு பிணைத்தால்தான் பின்வாங்கும் ஓட்டம் நின்று, தள்ளும் விசை முன்னேற்றமாக மாறும். அந்தப் பிணைப்பைச் செய்பவை இன்டெக்ரின்கள். சவ்வை ஊடுருவி நிற்கும் இந்தப் புரதங்களின் ஒரு முனை வெளியே ஃபைப்ரோநெக்டினைப் பற்றுகிறது. ஃபைப்ரோநெக்டினில் அவை தேடுவது அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்றே அமினோ அமிலங்களின் வரிசை என்பது 1984இல் தெரியவந்தது. மறுமுனை உள்ளே டாலின், வின்குலின் ஆகிய புரதங்களின் வழியாக ஆக்டின் இழையோடு இணைகிறது. இந்த அமைப்பைத் துறையினர் மூலக்கூறு கிளட்ச் என்றே அழைக்கிறார்கள். கிளட்ச் பிடித்தால் வண்டி நகரும், நழுவினால் இன்ஜின் மட்டும் உறுமும்.

பிடிப்பு முன்னால் தேவை; பின்னால் விடுப்பு தேவை. இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறோம். ஃபைப்ரோபிளாஸ்ட் ஊரும்போது அதன் வால் பகுதி பழைய பிடிமானங்களை விட மனமில்லாமல் நீண்டு நீண்டு ரப்பர் போல விறைத்து, கடைசியில் சடக்கென்று அறுந்து சுருங்கும். அப்போது சவ்வின் துணுக்குகளையும் இன்டெக்ரின்களையும் தரையிலேயே விட்டுச் செல்வதுண்டு. நத்தை போன வழியைப் போல, செல் போன வழியையும் தக்க சாயமிட்டால் பார்க்க முடியும். 1997இல் சீன வெள்ளெலியின் சூலகச் செல்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு இதற்கு எண்ணால் ஆன சான்றைத் தந்தது. தரையில் படிந்த பிடிமானப் புரதம் குறைவாக இருந்தால் செல் நழுவுகிறது, மிகுதியாக இருந்தால் அசைய முடியாமல் சிறைப்படுகிறது, இடைப்பட்ட ஓர் அளவில்தான் வேகம் உச்சத்தை எட்டுகிறது. செல்லில் இன்டெக்ரின் கூடினால் அந்த உச்சம் குறைந்த புரதச் செறிவுக்கு நகர்கிறது. ஆகவே ஒரு தரை நல்ல தரையா என்ற கேள்விக்கு, எந்தச் செல்லுக்கு என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது.

ஃபைப்ரோபிளாஸ்ட் ஒரு சோம்பேறி. மணிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர் நகர்ந்தாலே அதிகம். வேகமான ஊர்தலைப் பார்க்க விரும்புபவர்கள் மீனின் செதிலிலிருந்து வெளிவரும் கெரட்டோசைட்டுகளைப் பார்க்க வேண்டும். மீனின் தோலில் புண் ஏற்பட்டால் அதை விரைந்து மூடுவது அவற்றின் வேலை. அவை நிமிடத்துக்கே 10 மைக்ரோமீட்டருக்கும் மேல், பிறை வடிவம் சிறிதும் குலையாமல், வழுக்கிக்கொண்டு போவதுபோல ஊரும். 1984இல், அந்தச் செல்லிலிருந்து பிரிந்த, உட்கருவே இல்லாத ஒரு துண்டும் முழுச் செல்லைப் போலவே ஊர்வதைக் கண்டார்கள். 1999இல் இன்னும் விசித்திரமான ஒன்று தெரியவந்தது. வட்டமாக, அசையாமல் கிடந்த அத்தகைய ஒரு துண்டை ஒரு பக்கத்திலிருந்து லேசாக இடித்தால், அது பிறையாக வடிவம் மாறி, இடித்த பக்கத்துக்கு எதிராக ஊரத் தொடங்கி, இடிப்பு நின்ற பிறகும் ஊர்ந்துகொண்டே போகிறது. மரபணு அறிவுறுத்த வேண்டியதில்லை, உட்கரு கட்டளையிட வேண்டியதில்லை. ஆக்டினும் மயோசினும் பிடிமானமும் ஒரு முறை சமச்சீர் குலைந்தால் போதும். செல்லின் ஒவ்வோர் அசைவுக்கும் பின்னால் ஒரு மரபணுவைத் தேடும் பழக்கமுள்ள என்னைப் போன்றவர்களுக்கு இது நல்ல மாற்று மருந்து.

நடக்கும்போது செல் தரையை எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்பதை முதன்முதலில் கண்ணால் காட்டியவர் ஆல்பர்ட் ஹாரிஸ். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் வெளியிட்ட சோதனையின் எளிமை வியப்பூட்டுவது: சிலிக்கோன் திரவத்தின் மேற்பரப்பைத் தீச்சுடரில் ஒரு கணம் காட்டினால், பாலின்மேல் ஆடை படிவதுபோல ஒரு மெல்லிய ரப்பர் படலம் உருவாகிறது, அதன்மேல் செல்களை விட்டால், அவை இழுக்கும் இழுப்பில் படலம் துணி கசங்குவதுபோலச் சுருக்கம் சுருக்கமாக மடிகிறது. ஊர்வதற்குத் தேவையானதைவிட ஃபைப்ரோபிளாஸ்ட் பல மடங்கு அதிகமாக இழுக்கிறது என்பது அதில் தெரிந்தது. இந்த உபரி இழுப்பு வீணன்று. காயத்தின் விளிம்புகளை நெருக்கிக் கொண்டுவருவதிலும், திசுவின் கொலாஜன் என்னும் புரத இழைகளை இழுத்து வரிசைப்படுத்துவதிலும் அது பயன்படுகிறது. உடலுக்குள் செல்லின் தரை பெரும்பாலும் அந்தக் கொலாஜன்தான். மூன்று இழைகள் கயிறாக முறுக்கிக்கொண்ட அதன் கட்டமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் முன்வைத்தார்கள் என்பதை, தட்டில் கொலாஜன் பூசும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

இழுப்பதன் இன்னொரு பயன், தரையை அறிவது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. செல்லோ காலை விட்டுத்தான் ஆழம் பார்க்கிறது. தரை கெட்டியாக இருந்தால் இழுக்கும்போது விறைப்பு விரைவாக ஏறுகிறது. விறைப்பு ஏறினால் டாலின் விரிந்து, மறைந்திருந்த பகுதிகள் வெளிப்பட்டு, வின்குலின் வந்து சேர்ந்து, பிடிமானம் பெருக்கிறது. தரை நெகிழ்ந்து கொடுத்தால் விறைப்பு சேர்வதற்குள் பிடி விட்டுப்போகிறது. 1997இல் பெல்ஹாம், வாங் என்னும் ஆய்வாளர்கள், புரத ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் பாலிஅக்ரிலமைடு ஜெல்லையே மென்மையாகவும் கெட்டியாகவும் வார்த்து, ஒரே கொலாஜன் பூச்சுடன் செல்களுக்குக் கொடுத்து, அவற்றின் பரவலும் ஊர்தலும் மாறுவதைக் காட்டினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரே ஜெல்லின் ஒரு பாதியை மென்மையாகவும் மறு பாதியைக் கெட்டியாகவும் அமைத்தபோது, மென்மையான பக்கத்திலிருந்து வந்த செல்கள் எல்லையைத் தயங்காமல் கடந்தன. கெட்டியான பக்கத்திலிருந்து வந்தவையோ எல்லையை எட்டியதும் திரும்பிக்கொண்டன.

இங்கே ஒரு முணுமுணுப்பைப் பதிவு செய்துவிடுகிறேன். மூளைத் திசுவின் விறைப்பு ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல், தசையினுடையது 10 கிலோபாஸ்கல் அளவில். நாம் செல் வளர்க்கும் பாலிஸ்டைரீனோ கிகாபாஸ்கல் கணக்கு. அதாவது மூளையைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் கெட்டி. பாடநூல் படங்களில் செல்லின் குறுக்கே தேர்வடம் போல ஓடும் தடித்த ஆக்டின் கட்டுகள், பெருமளவு இந்தக் கல் போன்ற தரையின் விளைவுதான். அவற்றைச் செல்லின் இயல்பான தோற்றம் என்று மாணவர்களுக்குச் சொல்லும்போது, சிமெண்டுத் தரையில் மட்டுமே பார்த்த மாட்டின் நடையை வயலுக்கும் பொருத்திப் பேசுவதாகவே எனக்குப் படுகிறது.

பரவுதல் உயிரோடும் நேரடியாகத் தொடர்புடையது என்பதை, அதே 1997இல், சென், வைட்சைட்ஸ், இங்பர் முதலிய ஆய்வாளர்கள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினார்கள். ஒட்ட முடியாத பரப்பின் நடுவே, ஒட்டக்கூடிய புரதத்தைச் சிறு தீவுகளாக அச்சிட்டு, இரத்தக் குழாயின் உட்புறச் செல்களை அவற்றில் குடியேற்றினார்கள். சிறிய தீவில் குறுகி உட்கார்ந்த செல் இறந்தது; பெரிய தீவில் விரிந்த செல் வாழ்ந்து பெருகியது. பெரிய தீவில் புரதம் அதிகம் கிடைத்ததால்தானே என்ற கேள்விக்கும் அவர்கள் விடை வைத்திருந்தார்கள். மொத்தத் தொடு பரப்பைக் கூட்டாமல், அதைப் பல நுண்புள்ளிகளாகச் சிதறடித்து, செல் புள்ளிக்குப் புள்ளி தாவி விரியும்படி செய்தபோதும் அது வாழ்ந்தது. எவ்வளவு தொடுகிறது என்பதைவிட எவ்வளவு விரிகிறது என்பதே அங்கே கணக்கில் வந்தது.

என்னுடைய சனிக்கிழமைத் தட்டுக்குத் திரும்புகிறேன். இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஒவ்வொரு கொத்தின் ஓரத்திலிருந்தும் செல்கள் வெளிப்புறமாக ஊர்ந்து, சூரியகாந்தி இதழ்களைப் போல எல்லாத் திசைகளிலும் விலகிக்கொண்டிருந்தன. ஏன் எதுவும் கொத்தை நோக்கித் திரும்பவில்லை? லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் மைக்கேல் ஏபர்க்ராம்பியும் ஜோன் ஹேஸ்மனும் 1953இல், கோழிக் குஞ்சுக் கருவின் இதயத்திலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளைப் படம்பிடித்து இதற்கு விடை கண்டார்கள். ஒரு செல்லின் முன்விளிம்பு இன்னொரு செல்லைத் தொட்டதும் அந்த இடத்தில் முன்னேற்றம் நின்றுவிடுகிறது. காலியான பக்கத்தில் புதிய விளிம்பு முளைத்து, செல் அங்கே திரும்புகிறது. தம் கட்டுரைத் தொடருக்கு அவர்கள் செல்களின் சமூக நடத்தை என்று பெயரிட்டிருந்தார்கள். சில ஆண்டுகளில் சுண்டெலியின் சார்கோமா புற்றுச் செல்களை அதே முறையில் எதிர்கொள்ள வைத்தபோது, அவை இயல்பான ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளைக் கண்டு நிற்கவில்லை. ஊடுருவிப் போய்க்கொண்டே இருந்தன.

தட்டையான தரை ஆய்வகத்தில் மட்டுமே உண்டு என்று சொல்பவர்களுக்கு, இரத்தக் குழாயின் உட்சுவரை நினைவூட்டுவேன். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு, தொற்று ஏற்பட்ட இடத்தில் அந்தச் சுவரை முதலில் லேசாகத் தொட்டு உருண்டு, பிறகு பீட்டா-2 இன்டெக்ரின்களால் இறுகப் பிடித்து நின்று, பரவி, ஊர்ந்து, செல்களுக்கு இடையே நுழைந்து வெளியேற வேண்டும். பிறவியிலேயே இந்த இன்டெக்ரின் இல்லாத குழந்தைகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிக அதிகமாக இருக்கும். ஆனால் புண்ணில் சீழ் இருக்காது, ஏனெனில் சீழாக வேண்டிய செல்கள் குழாயை விட்டு இறங்க முடிவதில்லை. வழக்கமாக ஓரிரு வாரங்களில் விழுந்துவிடும் தொப்புள்கொடி, இக்குழந்தைகளுக்கு மூன்று வாரங்களைக் கடந்தும் விழாமல் இருப்பதுண்டு. கொடி உதிர்வதற்கும் அந்த வெள்ளணுக்கள் வந்து சேர வேண்டும். கொடி தாமதமாக விழுந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இது அத்தனை அரிதானது.

ஆனால் சுவரைக் கடந்து திசுவுக்குள் இறங்கிய வெள்ளணுவுக்கு இந்த விதிகள் தளர்கின்றன. சுண்டெலியின் டென்ட்ரிடிக் செல்கள் என்னும் வெள்ளணு வகையிலிருந்து எல்லா இன்டெக்ரின்களையும் மரபணு வழியில் நீக்கி 2008இல் ஜெர்மனியில் செய்த ஆய்வில், அவை கொலாஜன் வலைக்குள்ளும் நிணநீர் முடிச்சுகளுக்குள்ளும் குறையற்ற செல்களின் வேகத்திலேயே போயின. நாற்புறமும் இழைகள் நெருக்கும்போது, கூட்டமான பேருந்தில் எதையும் பிடிக்காமல் நிற்க முடிவதுபோல, பிடிமானம் இன்றியே முன்னால் வழிந்தும் பின்னால் பிதுக்கியும் செல்லால் நகர்ந்துவிட முடிகிறது. அங்கே தடையாவது வேறொன்று. மீன் செதிலின் செல்துண்டு எதை இழந்தும் தடையின்றி ஊர்ந்ததோ, அந்த உட்கருதான் இங்கே செல்லின் மிகப் பெரிய, மிக விறைப்பான சுமை. வலையின் துளை மிகவும் குறுகும்போது முன்பகுதி நுழைந்து நீண்ட பிறகும் உட்கரு வாசலிலேயே சிக்கிக்கொள்கிறது. கொலாஜனை அறுக்கும் நொதிகளை உடைய செல் துளையை அகலப்படுத்திக்கொண்டு போகிறது, இல்லாத செல் நீட்டிய காலை இழுத்துக்கொண்டு வேறு துளையைத் தேடுகிறது.